வயருக்கு வெளியே இருந்து ஓர் அழைப்பு

லேப்வியூவில் நன்றாகக் கை பழகியவர்கள்கூட ஓரிடத்தில் வந்து தயங்கி நிற்பதைப் பார்க்கிறேன். லூப், கேஸ், அர்ரே, கிராஃப் எல்லாம் சரளமாக வரும். ஒருநாள் ஆய்வகத்துக்குப் புதிதாக ஒரு கேமராவோ சென்சாரோ வந்து இறங்கும். பெட்டியைப் பிரித்தால் லேப்வியூவுக்கென்று டிரைவர் எதுவும் இருக்காது. ஒரு டி.எல்.எல். கோப்பு, ஒரு ஹெடர் கோப்பு, தடிமனான ஒரு கையேடு, அவ்வளவுதான். கையேட்டின் நடுவே ‘உங்கள் கால்பேக் ஃபங்ஷனை இங்கே பதிவு செய்யவும்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில்தான் வேலை நின்றுபோகிறது. இது அவசரமாகச் சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இல்லை. ஒரு டீ ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், அடியிலிருந்து பார்ப்போம்.

லேப்வியூவை உருவாக்கிய நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் 1976-இல் தொடங்கிய நிறுவனம். ஜேம்ஸ் ட்ரச்சர்ட், ஜெஃப் கொடோஸ்கி, பில் நௌலின் என்று மூன்று பேர் தொடங்கினார்கள். அளவீட்டுக் கருவிகளைக் கணினியோடு இணைக்கும் அட்டைகள்தான் அவர்களுடைய ஆரம்பகாலத் தொழில். கருவி இணைந்தாயிற்று, ஆனால் அதை ஓட்ட நிரல் எழுத வேண்டுமே. அந்தச் சிரமத்தைக் குறைக்கப் பிறந்ததுதான் லேப்வியூ. 1986-இல் மெக்கின்டாஷ் கணினிக்கு முதல் பதிப்பு வந்தது. அதன் மூளை கொடோஸ்கி. 2023-இல் எமர்சன் நிறுவனம் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸை (சுருக்கமாக என்.ஐ.) வாங்கிக்கொண்டது. கை மாறினாலும், அன்று கொடோஸ்கி வரைந்த அடிப்படைக் கருத்து அப்படியே இருக்கிறது: நிரல் என்பது எழுதும் வரிகள் அல்ல, வரையும் படம், அந்தப் படத்தில் தரவு வயர் வழியாக ஓடும்.

அந்தக் கருத்து நமக்குச் சில வாக்குறுதிகளைத் தருகிறது. அவற்றை நாம் கவனிப்பதே இல்லை, ஏனென்றால் அவை ஒருபோதும் பொய்ப்பதில்லை. ஒரு நோடுக்கு வர வேண்டிய எல்லா உள்ளீடுகளும் வந்து சேர்ந்த பிறகுதான் அது ஓடும். எது முன், எது பின் என்பதை வயரே தீர்மானித்துவிடும். வயர் இணைக்காத இரண்டு நோடுகள் ஒரே நேரத்தில் ஓடலாம், அதற்காக நீங்கள் தனியாக எதுவும் எழுத வேண்டாம். நினைவகத்தைப் பற்றியும் கவலை இல்லை. ஆயிரம் எண்கள் கொண்ட அர்ரேயில் இன்னொன்றைச் சேர்த்தால் இடத்தைப் பெரிதாக்குவது லேப்வியூவின் பொறுப்பு. வயர் இரண்டாகப் பிரிந்தால், தேவைப்படும் இடத்தில் பிரதி எடுப்பதும் அதன் பொறுப்பு. ஓர் எண் செல்ல வேண்டிய வயரில் ஸ்ட்ரிங்கை இணைத்தால் வயர் உடைந்து காட்டும், ரன் அம்பும் உடைந்துவிடும். தப்பான நிரலை ஓட்டவே விடாது.

கால் லைப்ரரி ஃபங்ஷன் நோடு என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதே, இந்த வாக்குறுதிகள் எல்லாம் அதன் விளிம்போடு முடிந்துவிடுகின்றன. இதை மனதில் பதித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். விளிம்புக்கு அந்தப் பக்கம் நடப்பது லேப்வியூவுக்குத் தெரியாது. அங்கே என்ன இருக்கிறது, எத்தனை பைட் வேண்டும், எந்த த்ரெட்டில் ஓடலாம், யாருடைய நினைவகம் யாருக்குச் சொந்தம் என்பதையெல்லாம் நீங்கள்தான் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். நீங்கள் எழுதியதை அது அப்படியே நம்பும்.

ஏன் நம்ப வேண்டும், தானே பார்த்துத் தெரிந்துகொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை என்பதுதான் பதில். சி மொழியில் எழுதித் தொகுத்த ஒரு டி.எல்.எல். கோப்புக்குள் அது வெளியே தரும் ஃபங்ஷன்களின் பெயர்கள் இருக்கும். எந்த ஃபங்ஷனுக்கு எத்தனை உள்ளீடு, ஒவ்வொன்றும் என்ன வகை என்ற விவரம் இருக்காது. அது ஹெடர் கோப்பில்தான் இருக்கிறது. லேப்வியூவில் ஷேர்டு லைப்ரரியை இம்போர்ட் செய்யும் விஸார்டு ஒன்று உண்டு. அது ஹெடரைப் படித்து வி.ஐ.க்களை உருவாக்கித் தரும். எளிய ஃபங்ஷன்களுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஹெடரில் ஒரு பாயின்டர் என்றிருந்தால், அது ஒற்றை எண்ணைக் காட்டுகிறதா, ஆயிரம் எண்களின் வரிசையைக் காட்டுகிறதா என்று ஹெடரைப் படித்தவருக்கே தெரியாது, கையேட்டைப் படித்தவருக்குத்தான் தெரியும். விஸார்டு கையேட்டைப் படிப்பதில்லை. அதனால் அது உருவாக்கித் தந்ததை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காமல் பயன்படுத்தாதீர்கள்.

ஓர் எளிய உதாரணம் எடுத்துக்கொள்வோம். விண்டோஸின் கெர்னல்32 லைப்ரரியில் ‘கெட் கம்ப்யூட்டர் நேம்’ என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. கணினியின் பெயரைச் சொல்லும். இதற்கு இரண்டு உள்ளீடுகள்: பெயரை எழுத ஒரு பஃபரின் பாயின்டர், அந்தப் பஃபர் எவ்வளவு பெரியது என்று சொல்லும் 32 பிட் எண்ணின் பாயின்டர். இந்தப் பெயருக்கு விண்டோஸ் தரும் உச்ச அளவு 15 எழுத்துகள். முடிவைக் குறிக்கும் பூஜ்ஜிய பைட் ஒன்றையும் சேர்த்தால் 16 பைட் தேவை. ஃபங்ஷன் முடிந்ததும் அந்த எண்ணில் எத்தனை எழுத்துகள் எழுதப்பட்டன என்ற கணக்கு வந்திருக்கும்.

இந்தச் சின்னஞ்சிறு வேலையிலேயே நம் சிக்கல்கள் எல்லாம் அடங்கியிருக்கின்றன. லேப்வியூவின் ஸ்ட்ரிங் முதலில் நான்கு பைட்டில் தன் நீளத்தைச் சொல்லிவிட்டு, அப்புறம் எழுத்துகளை வைத்திருக்கும். சி மொழியின் ஸ்ட்ரிங் நீளத்தைச் சொல்வதே இல்லை. பூஜ்ஜிய பைட் எங்கே வருகிறதோ அங்கே முடிந்தது என்று அர்த்தம். நோடின் அமைப்பில் ‘சி ஸ்ட்ரிங் பாயின்டர்’ என்று தேர்ந்தெடுத்தால் இந்த மாற்றத்தை லேப்வியூ இரு வழியிலும் செய்து கொடுத்துவிடும். அது செய்யாதது ஒன்று: இடம் ஒதுக்குவது. வயரில் வெற்று ஸ்ட்ரிங்கை இணைத்து அனுப்பினால், லைப்ரரியின் கைக்குப் போவது இடமே இல்லாத முகவரி. அது பாட்டுக்கு எழுதும். எழுதிய பைட்டுகள் யாருடைய தரவின் மேல் விழுகின்றன என்று யாருக்கும் தெரியாது. அதற்குத்தான் அமைப்புப் பெட்டியில் ‘மினிமம் சைஸ்’ என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே 16 என்று போட வேண்டும். அல்லது அழைப்புக்கு முன்பே அந்த நீளத்துக்கு ஓர் அர்ரேயை உருவாக்கி அனுப்ப வேண்டும்.

இந்த வகைப் பிழையில் கொடுமை என்னவென்றால், அது நடந்த இடத்தில் வெளிப்படாது. டி.எல்.எல். தனி நிரலாக ஓடுவதில்லை, லேப்வியூவின் நினைவகத்துக்குள்ளேயே குடியேறுகிறது. அது அத்துமீறி எழுதிய நான்கு பைட் லேப்வியூவின் சொந்தக் கணக்கு வழக்கில் விழுந்திருக்கலாம். அரை மணி நேரம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு கிராஃபைத் திறக்கும்போது மொத்தமும் சரியும். பிழை எண் 1097 வந்தால் அது லேப்வியூ தரும் எச்சரிக்கை: வெளி லைப்ரரிக்குள் ஏதோ விபரீதம் நடந்தது, நினைவகம் கெட்டிருக்கலாம் என்று அது சொல்கிறது. பார்த்த உடனே வேலையைச் சேமித்து, லேப்வியூவை மூடித் திறந்துவிடுங்கள். தொடர்ந்து ஓட்டிப் பார்க்காதீர்கள். நோடின் அமைப்பில் பிழைச் சோதனையின் அளவை உச்சத்தில் வைத்தால், கொடுத்த பஃபரைத் தாண்டி லைப்ரரி எழுதினால் லேப்வியூ கண்டுபிடித்துச் சொல்லும். வேகம் குறையும். ஆனாலும் புது லைப்ரரியோடு பழகும் நாட்களில் அதை உச்சத்திலேயே வைத்திருப்பது நல்லது.

‘கெட் கம்ப்யூட்டர் நேம்’ ஃபங்ஷன் இரண்டு வடிவங்களில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். பெயர் ‘ஏ’ என்று முடிந்தால் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். ‘டபிள்யூ’ என்று முடிந்தால் ஓர் எழுத்துக்கு இரண்டு பைட் வீதம் யூனிகோடு. தெரியாமல் இரண்டாவதை அழைத்துவிட்டால் கணினியின் பெயரில் முதல் எழுத்து மட்டும் திரையில் வந்து நிற்கும். ஆங்கில எழுத்துகளுக்கு இரண்டாவது பைட் பூஜ்ஜியம். அதைக் கண்டதும் ஸ்ட்ரிங் முடிந்தது என்று லேப்வியூ நிறுத்திக்கொள்கிறது. முதல் எழுத்து மட்டும் வருகிறதே என்று யாராவது உங்களிடம் கேட்டால், இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

32 பிட்டா 64 பிட்டா என்ற கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 64 பிட் லேப்வியூ 32 பிட் டி.எல்.எல்.-ஐ ஏற்றாது, அதன் எதிர்ப்பக்கமும் அப்படியே. பாயின்டரையோ ஹேண்டிலையோ வயரில் சுமக்க நேர்ந்தால் சாதாரண 32 பிட் எண்ணாக வைக்காமல் ‘பாயின்டர் அளவு முழு எண்’ என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பதிப்பிலும் ஓடும். 32 பிட் விண்டோஸில் ஸ்டேக்கைத் துப்புரவு செய்வது யார் என்ற அழைப்பு மரபைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸின் சொந்த ஃபங்ஷன்கள் ‘எஸ்.டி.டி. கால்’ மரபு, மற்ற லைப்ரரிகள் பெரும்பாலும் ‘சி’ மரபு. 64 பிட்டில் அந்த வேறுபாடே இல்லை. ஸ்ட்ரக்ட்களில் மட்டும் கொஞ்சம் நின்று கவனியுங்கள். ஒரு பைட் எண்ணும் எட்டு பைட் டபுளும் சேர்ந்த ஸ்ட்ரக்ட்டை சி கம்பைலர் வழக்கமாக 16 பைட்டாக வைக்கும், நடுவே ஏழு பைட் வெற்றிடம் விட்டு. 32 பிட் விண்டோஸ் லேப்வியூ அதே கிளஸ்டரை 9 பைட்டாக நெருக்கி வைக்கும். அந்த வெற்றிடத்தை நீங்களே கிளஸ்டருக்குள் ஏழு பைட்டாகப் போட்டு நிரப்ப வேண்டும்.

இனி த்ரெட். நோடின் அமைப்பில் ‘யூ.ஐ. த்ரெட்டில் ஓடட்டும்’, ‘எந்த த்ரெட்டிலும் ஓடட்டும்’ என்று இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. முதலாவது என்றால் நோடு ஆரஞ்சு நிறத்தில் தெரியும், இரண்டாவது என்றால் வெளிர் மஞ்சள். படத்தைத் திறந்ததும் நிறத்தைப் பார்த்தே எது என்று சொல்லிவிடலாம். லேப்வியூவில் யூ.ஐ. த்ரெட் ஒன்றே ஒன்றுதான். பொத்தான், கிராஃப், மெனு எல்லாம் அதில்தான் நடக்கின்றன. ஐந்து நொடி எடுக்கும் ஃபங்ஷனை அங்கே ஓட்டினால் ஐந்து நொடிக்குத் திரை அசையாது. அப்படியானால் எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிடலாமே என்றால், அதற்கு லைப்ரரி சம்மதிக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட்கள் உள்ளே நுழைந்தால் தன் உள் மாறிகளைக் குழப்பிக்கொள்ளும் லைப்ரரிகள் நிறைய. சில லைப்ரரிகள் திறந்த த்ரெட்டிலேயே எல்லா அழைப்பும் வர வேண்டும் என்று எதிர்பார்க்கும். இப்படிப்பட்டவற்றுக்கு ஆரஞ்சுதான் பத்திரம். கையேட்டில் ‘த்ரெட் சேஃப்’ என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் மஞ்சளுக்கு மாற்றுங்கள்.

இதுவரை பேசியதெல்லாம் ஒருவழிப் பாதை. நாம் கேட்கிறோம், லைப்ரரி பதில் சொல்கிறது, நோடு முடிகிறது. கால்பேக்கில் திசை திரும்புகிறது.

வண்டியைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு, ‘முடிந்ததும் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க’ என்று சொல்லி வருகிறோமே, அதுதான் கால்பேக். பட்டறை வாசலில் நின்றுகொண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ‘முடிஞ்சுதா?’ என்று கேட்க வேண்டியதில்லை. நிரலில் தொலைபேசி எண்ணுக்குப் பதிலாக ஒரு ஃபங்ஷனின் முகவரியைக் கொடுக்கிறோம். கேமராவில் புதுப் படம் வந்ததும் லைப்ரரி அந்த முகவரிக்குப் போய் அங்கிருக்கும் ஃபங்ஷனை ஓட்டும். இந்த ஒப்புமையில் மூன்று விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. அழைப்பு எப்போது வரும் என்று நமக்குத் தெரியாது. அழைப்பில் நாம் பேச்சை நீட்டினால் மெக்கானிக்கின் மற்ற வேலைகள் நிற்கும். நாம் எண்ணை மாற்றிவிட்டு அவரிடம் சொல்லாவிட்டால் அழைப்பு வேறு யாருக்கோ போகும். நிரலில் இந்த மூன்றாவதுதான் லேப்வியூவையே வீழ்த்துகிறது.

எல்லாக் கால்பேக்கும் ஒரே ரகம் இல்லை. சி மொழியின் நிலையான லைப்ரரியில் ‘கியூ சார்ட்’ இருக்கிறது. வரிசைப்படுத்தும்போது இரண்டு உறுப்புகளில் எது பெரியது என்று கேட்க நாம் கொடுத்த ஃபங்ஷனை அழைக்கும். விண்டோஸின் ‘ஈனம் விண்டோஸ்’ திறந்திருக்கும் ஒவ்வொரு மேல்மட்டச் சாளரத்துக்கும் ஒருமுறை நம்மை அழைக்கும். போதும் என்றால் பூஜ்ஜியத்தைத் திருப்பி அனுப்பி நிறுத்தலாம். இவை நம் அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, நம் த்ரெட்டிலேயே நடந்து முடிகின்றன. சாது ரகம். கருவிகளின் லைப்ரரிகள் தருவது வேறு ரகம். என்.ஐ.-யின் டாக்-எம்.எக்ஸ். டிரைவரையே பாருங்கள், குறிப்பிட்ட எண்ணிக்கையில் மாதிரிகள் சேரும் ஒவ்வொரு முறையும் அழைக்க ஒரு ஃபங்ஷனைப் பதிவு செய் என்று சி மொழிக்காரர்களுக்கு வசதி தருகிறது. பதிவு செய்யும் அழைப்பு உடனே திரும்பிவிடும். பிறகு எப்போதோ, டிரைவருக்குச் சொந்தமான ஏதோ ஒரு த்ரெட்டில் நம் ஃபங்ஷன் ஓடும். அந்த த்ரெட்டை லேப்வியூ உருவாக்கவில்லை, அதற்கு எந்த வயரும் போகவில்லை.

இங்கேதான் படம் வரையும் மொழியின் எல்லை துலக்கமாகத் தெரிகிறது. வி.ஐ.க்கு ஒரு சி ஃபங்ஷனுக்குரிய முகவரி கிடையாது. அதைச் சுட்டும் ரெஃபரன்ஸ் லேப்வியூவுக்குள் மட்டும் செல்லும் அடையாளம், டி.எல்.எல்.-இடம் கொடுத்தால் அதற்கு அது ஒரு வெற்று எண். ஆகவே கால்பேக் கேட்கும் இடத்தில் வி.ஐ.-யை நேரடியாக இணைக்க வழியில்லை. வி.ஐ.-யையே ஒரு டி.எல்.எல்.-ஆகக் கட்டி, அதன் ஃபங்ஷன் முகவரியை எடுத்துக் கொடுக்கும் சுற்றுவழி ஒன்று உண்டு. ஓடும். ஆனால் டிரைவரின் த்ரெட் அந்த வி.ஐ. முடியும் வரை காத்து நிற்க வேண்டும். ஒன்றுக்காக இன்னொன்று காத்துச் சிக்கிக்கொண்டால் இரண்டும் அப்படியே உறைந்துவிடும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வேறு வழி தேடும் முன் ஒரு வேலை செய்யுங்கள்: கையேட்டை மறுபடி முழுக்கப் படியுங்கள். பல லைப்ரரிகள் கால்பேக்கோடு, ‘அடுத்த படம் வரும் வரை காத்திரு’ என்று ஒரு சாதாரண ஃபங்ஷனையும் வைத்திருக்கும். அதை மஞ்சள் நோடாக ஒரு தனி லூப்பில் போட்டு, சிறிய காத்திருப்பு நேரமும் கொடுத்தால் வேலை முடிந்தது. லேப்வியூவில் இணையாக ஓடும் லூப் போடுவது சுலபம்; அந்த வசதி இல்லாத மொழிகளுக்குத்தான் கால்பேக் அவசியம். கால்பேக் விருப்பத் தேர்வு என்றால் அந்த இடத்தில் பூஜ்ஜியத்தைக் கொடுத்துவிடலாம். தயாரிப்பாளர் டாட் நெட் அசெம்பிளியும் கொடுத்திருந்தால் பாதி வேலை குறையும். ‘ரெஜிஸ்டர் ஈவென்ட் கால்பேக்’ நோடில் அதன் ஈவென்ட்டை இணைத்தால் லேப்வியூவே கால்பேக் வி.ஐ.-யை உருவாக்கித் தருகிறது. டாட் நெட் தன்னைப் பற்றிய வகை விவரங்களைக் கோப்புக்குள்ளேயே வைத்திருப்பதால் இது முடிகிறது. பைத்தான் லைப்ரரி என்றால் 2018 பதிப்பிலிருந்து பைத்தான் நோடு இருக்கிறது.

இது எதுவும் இல்லை, கால்பேக் ஒன்றுதான் வழி என்றால், நடுவில் ஒரு சிறிய சி டி.எல்.எல். எழுதியாக வேண்டும். சி தெரியாது என்று பின்வாங்காதீர்கள். ஐம்பது அறுபது வரிகளில் முடியும் வேலை, ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்த கருவிக்கும் அதே அச்சு உதவும்.

லேப்வியூ நிறுவிய இடத்தில் ‘சின்டூல்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதில் உள்ள ‘எக்ஸ்ட்கோட்’ ஹெடரில் ‘போஸ்ட் எல்.வி. யூசர் ஈவென்ட்’ என்று ஒரு ஃபங்ஷன். கால்பேக் விஷயத்தின் உயிர்நாடி இதுதான். எந்த த்ரெட்டிலிருந்தும் இதை அழைக்கலாம். ஒரு யூசர் ஈவென்ட்டின் அடையாளத்தையும் ஒரு தரவையும் கொடுத்தால், தரவைப் பிரதி எடுத்து ஈவென்ட் வரிசையில் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். இனி வரிசை இப்படி. லேப்வியூவில் ‘கிரியேட் யூசர் ஈவென்ட்’ கொண்டு ஓர் ஈவென்ட்டை உருவாக்குகிறோம். ‘ரெஜிஸ்டர் ஃபார் ஈவென்ட்ஸ்’ வழியாக அதை ஓர் ஈவென்ட் ஸ்ட்ரக்சருக்குக் கட்டுகிறோம். அந்த ஈவென்ட்டின் ரெஃபரன்ஸை நம் டி.எல்.எல்.-இன் தொடக்க ஃபங்ஷனுக்கு ‘அடாப்ட் டு டைப்’ என்ற வகையில் அனுப்புகிறோம். நம் டி.எல்.எல். அதைப் பத்திரப்படுத்திக்கொண்டு, தன்னிடம் உள்ள சி ஃபங்ஷனின் முகவரியைக் கேமரா லைப்ரரியிடம் பதிவு செய்கிறது. படம் வந்ததும் கேமராவின் த்ரெட் நம் சி ஃபங்ஷனுக்குள் நுழைகிறது. அது ஈவென்ட்டைப் போஸ்ட் செய்துவிட்டு வெளியேறுகிறது. லேப்வியூ பக்கத்தில் ஈவென்ட் கேஸ் ஒன்று விழித்துக்கொள்கிறது. அங்கிருந்து மறுபடி எல்லாம் வயர்தான்.

பெரும்பாலான கால்பேக்குகளில் ‘யூசர் டேட்டா’ என்று ஒரு வெற்றுப் பாயின்டரும் சேர்ந்து வரும். பதிவு செய்யும்போது நாம் எதைக் கொடுத்தோமோ அதையே லைப்ரரி ஒவ்வொரு அழைப்பிலும் திருப்பிக் கொடுக்கும். நம் ஈவென்ட் அடையாளத்தை ஒரு ஸ்ட்ரக்ட்டில் வைத்து அதன் முகவரியை அங்கே கொடுங்கள். பொது மாறியில் வைத்தால் ஒரு கேமராவுக்கு ஓடும். இரண்டாவது கேமரா வந்ததும் இரண்டு படங்களும் ஒரே ஈவென்ட்டுக்குப் போய்ச் சேரும்.

எதைப் போஸ்ட் செய்வது என்பதில் நிதானம் வேண்டும். முழுப் படத்தையே ஈவென்ட்டில் அனுப்ப ஆசை வரும். கணக்குப் போடுங்கள். 1920-க்கு 1080 அளவில் பிக்சலுக்கு ஒரு பைட் வீதம் ஒரு படம் 20,73,600 பைட், ஏறத்தாழ இரண்டு மெகாபைட். கேமரா நொடிக்கு 100 படம் தருகிறது, உங்கள் ஈவென்ட் கேஸ் நொடிக்கு 60 படத்தைத்தான் கையாள முடிகிறது என்றால், நொடிக்கு 40 படம் வரிசையில் தேங்கும். ஒரே நிமிடத்தில் கிட்டத்தட்ட ஐந்து ஜிகாபைட். கால்பேக் தரப்பில் எந்தத் தடையும் தெரியாது, அது பாட்டுக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். அதனால் படத்தை நம் டி.எல்.எல்.-இல் ஒரு சுழல் பஃபரில் வைத்துக்கொண்டு, ஈவென்ட்டில் படத்தின் வரிசை எண்ணை மட்டும் அனுப்புங்கள். ஈவென்ட் கேஸுக்கு நேரம் இருக்கும்போது இன்னொரு நோடு வழியாக வந்து, எண்ணைச் சொல்லிப் படத்தை வாங்கிக்கொள்ளட்டும். இடையில் சில படங்கள் போனால் எத்தனை போயின என்று எண்ணைப் பார்த்தே தெரிந்துவிடும். சத்தமில்லாமல் நினைவகம் நிறைவதைவிட இது எவ்வளவோ மேல்.

கால்பேக்குக்குள் லைப்ரரி கொடுக்கும் பாயின்டர் அந்தக் கால்பேக் முடியும் வரைதான் செல்லும் என்று பல கையேடுகளில் சிறிய எழுத்தில் இருக்கும். சுழல் பஃபருக்குள் பிரதி எடுப்பதைக் கால்பேக்குக்குள்ளேயே முடித்துவிடுங்கள். ‘முகவரியைக் குறித்துக்கொண்டு அப்புறம் படிக்கலாம்’ என்பது நடக்காது. அப்புறம் போகும்போது அங்கே வேறு படம் இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. பிரதி எடுப்பதையும் ஈவென்ட்டைப் போஸ்ட் செய்வதையும் தவிர, கோப்பில் எழுதுவது, காத்திருப்பது, லைப்ரரியின் இன்னொரு ஃபங்ஷனை அழைப்பது எதுவும் கால்பேக்குக்குள் வேண்டாம். நாம் நிற்கும் ஒவ்வொரு மில்லி நொடியும் கேமராவின் த்ரெட் நிற்கும் நேரம்.

நிறுத்துவதுதான் தொடங்குவதைவிடக் கடினம். வரிசை முக்கியம்: முதலில் கேமராவை நிறுத்தி, கால்பேக் பதிவை நீக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கால்பேக் ஏதாவது இருந்தால் அது முடியும் வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகு ஈவென்ட் பதிவை நீக்கி, யூசர் ஈவென்ட்டை அழிக்க வேண்டும். டி.எல்.எல். நினைவகத்திலிருந்து இறங்குவது எல்லாவற்றுக்கும் கடைசியில். பதிவை நீக்காமல் டி.எல்.எல். இறங்கிவிட்டால், கேமரா லைப்ரரி கையில் வைத்திருப்பது காலியான வீட்டு முகவரி; அடுத்த படம் வந்ததும் அது அங்கே போய்க் குதிக்கும், லேப்வியூ மொத்தமாகச் சரியும். வரிசையை எரர் வயரால் கட்டுங்கள். இங்கே வயரின் வாக்குறுதி மறுபடி நமக்கு உதவுகிறது.

ஆனால் கருவிப்பட்டையில் சிவப்பு அபார்ட் பொத்தான் இருக்கிறதே? யாராவது அதை அழுத்தினால் நீங்கள் அழகாக வரைந்த நிறுத்தும் பகுதி ஓடவே ஓடாது. கேமரா தொடர்ந்து படம் அனுப்பும், கால்பேக் தொடர்ந்து ஓடும், ஈவென்ட் மட்டும் செத்துப் போயிருக்கும். இதற்காகவே நோடின் அமைப்பில் ‘கால்பேக்ஸ்’ என்று ஒரு தாள் இருக்கிறது. பெயரைப் பார்த்து, நம் கேமரா கால்பேக்கை இங்கேதான் தர வேண்டும் போல என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது வேறு. லேப்வியூ உங்கள் டி.எல்.எல்.-ஐக் கூப்பிட வேண்டிய தருணங்கள் அவை: வி.ஐ. ஓடத் தயாராகும்போது ‘ரிசர்வ்’, ஓட்டம் முடிந்து விடுவிக்கப்படும்போது ‘அன்ரிசர்வ்’, அழைப்பு நடக்கும்போதே நிறுத்தப்பட்டால் ‘அபார்ட்’. ஒவ்வொன்றுக்கும் உங்கள் டி.எல்.எல்.-இல் உள்ள ஒரு ஃபங்ஷனின் பெயரைக் கொடுக்கலாம். மூன்றுக்கும் பொதுவாக ஒரு பாயின்டரையும் லேப்வியூ சுமந்து தருகிறது. ‘அன்ரிசர்வ்’ ஃபங்ஷனில் கேமராவை நிறுத்திப் பதிவை நீக்கும் நான்கு வரிகளை எழுதிவிடுங்கள். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் பேசாமல் திரும்பிவிட வேண்டும் என்ற சோதனையும் அதில் இருக்கட்டும். இதை எழுதாத டி.எல்.எல்.-ஐ முடிந்த வேலையாக நான் கருத மாட்டேன். ஆய்வகத்தில் அபார்ட் பொத்தானை அழுத்தாதே என்று அறிவிப்பு ஒட்டினாலும் ஒருவர் அழுத்துவார். அவர்மேல் குற்றமில்லை, பொத்தான் அதற்காகத்தான் அங்கே இருக்கிறது.

பிழை தேடும்போது ஒரு வசதி: சி மொழிச் சூழலின் டீபக்கரை ஓடிக்கொண்டிருக்கும் லேப்வியூவோடு இணைக்கலாம். உங்கள் கால்பேக்கின் முதல் வரியில் நிறுத்தப் புள்ளி வைத்தால், எந்த த்ரெட்டில் ஓடுகிறது, பாயின்டரில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். அதற்கும் முன்னால், லேப்வியூவே இல்லாமல் ஒரு சிறிய சி நிரலில் கேமரா லைப்ரரியை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அதற்கு வசதியாக, போஸ்ட் செய்யும் ஒரு வரியைத் தனி ஃபங்ஷனாக வைத்து, சோதனையின்போது அந்த இடத்தில் எண்ணைத் திரையில் அச்சிடும் ஃபங்ஷனை மாற்றிப் போடுங்கள். சி நிரலிலேயே படம் வரவில்லை என்றால் கோளாறு லேப்வியூவில் இல்லை. வயர்களைப் பிரித்துப் பார்த்துப் பயனில்லை.

டி.எல்.எல்.-ஐத் திருத்தி மறுபடி கட்டும்போது கோப்பில் எழுத முடியவில்லை என்று கம்பைலர் சொன்னால் பதற வேண்டாம். அதை அழைக்கும் வி.ஐ. ஒன்று நினைவகத்தில் இருக்கும் வரை லேப்வியூ கோப்பை விடாது. அந்த வி.ஐ.க்களை எல்லாம் மூடுங்கள். ப்ராஜெக்ட்டையே மூடிவிட்டால் இன்னும் நிச்சயம். அடிக்கடி மாற்றும் கட்டத்தில் நோடில் பாதையை நிலையாக எழுதாமல், ‘பாதையைப் படத்தில் கொடு’ என்ற தேர்வைப் போட்டு வயரில் கொடுங்கள். வெற்றுப் பாதையை அனுப்பினால் லேப்வியூ டி.எல்.எல்.-ஐ இறக்கிவிடும். கேமராவை நிறுத்திப் பதிவை நீக்கிய பிறகே அந்த வெற்றுப் பாதையை அனுப்புங்கள்.